டியூப் போட்டும் திரும்பத் திரும்ப வரும் மடிநோய்: ஸ்டாஃப் கிருமியா?

கேள்வி, ஜூன் 3
அண்ணா, ஜெர்சி கலப்பின மாடு, மூன்றாவது ஈத்து. பின்பக்கம் வலது காம்பில் பால் திரி திரியாக வருகிறது. டாக்டர் மூன்று நாள் காம்புத் துளை வழியாக மருந்து டியூப் விட்டார், சரியானது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி டியூப், மறுபடி சரி, இப்போது திரும்பவும் அதே காம்பு. மருந்துக்கடையில் இதைவிட பவரான டியூப் இருக்கிறது என்கிறார்கள். போட்ட மருந்து போலியா, டோஸ் போதவில்லையா? வீட்டில் அம்மா கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டார்.

ஜூன் 3, இரவு
தம்பி, மருந்தைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். அதே மாடு, அதே காம்பு, மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்தியதும் தலைதூக்குகிறது. இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக ஸ்டாஃப்.

இந்தக் கிருமி காம்புத் துளை வழியாக மேலே ஏறி, பால் சுரக்கும் திசுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சுற்றி உடம்பு ஒரு சுவர் எழுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சீழ்க்கட்டிகள். டியூப் மருந்து பால் ஓடும் குழாய்களில் நன்றாகப் பரவும், அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போவதுதான் கஷ்டம். போதாக்குறைக்கு, கிருமியை விழுங்க வரும் வெள்ளை அணுக்களுக்கு உள்ளேயே இது உயிரோடு இருக்கும். அணுவுக்குள் இருப்பதைப் பல மருந்துகள் தொடுவதே இல்லை. பாலில் உள்ளதெல்லாம் மருந்தில் செத்துப்போகும், திரி நிற்கும், மாடு குணமானதுபோல் தெரியும். பிறகு கட்டி ஒன்று உடைந்து மறுபடி பாலுக்குள் கொட்டும்.

கடைக்காரர் சொல்கிற பவரான டியூபை வாங்காதீர்கள். இன்ன கிருமி என்று தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றி விடுவதில் காசும் போகிறது, மருந்துக்குப் பணியாத கிருமியும் வளர்கிறது. மிளகாய் சுற்றியதில் ஒன்றும் குறைவில்லை, அம்மாவுக்கு நிம்மதி. கூடவே பால் மாதிரியையும் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

ஜூன் 4, காலை
மாதிரி எடுப்பதை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் கவனம் இல்லாவிட்டால் ஆய்வகத்தில் வளர்வது நம் கையில் உள்ள அழுக்குதான்.

மருந்து போடும் முன்னால் எடுக்க வேண்டும். காம்பைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, முதல் இரண்டு மூன்று பீச்சல்களைத் தனியாகக் கறந்து கொட்டுங்கள். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் காம்பு நுனியைத் தேய்க்க வேண்டும், பஞ்சில் அழுக்கு வராத வரை. நான்கு காம்பிலும் எடுப்பதென்றால் துடைக்கும்போது தூரத்துக் காம்பில் தொடங்கி நம் பக்கம் வாருங்கள். பால் எடுக்கும்போது நேர்மாறாக, பக்கத்துக் காம்பில் தொடங்கி தூரத்துக்குப் போங்கள். அப்போதுதான் துடைத்த காம்பில் கையோ சட்டையோ உரசாது. பால் பிடிக்கும் மாதிரிக் குழாயை நிமிர்த்திப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்தால் வயிற்று முடியும் தூசியும் உள்ளே விழாது. மூடியின் உள்பக்கத்தைத் தொடாதீர்கள். ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கே கொடுப்பது என்றால், மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு, அல்லது பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. எங்கள் பக்கத்தார் நாமக்கல் போவார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரத்தநாடு. எந்தக் கிருமி என்பதோடு எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 4, மாலை
காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு முறை சோதித்துக் கிருமி இல்லை என்று வந்தால் அதை முழுசாக நம்பிவிடாதீர்கள். இந்தக் கிருமி எல்லா நாளும் ஒரே அளவில் பாலில் வராது. ஒரு நாள் கொட்டும், ஒரு நாள் காணாமல் போகும். சந்தேகம் பலமாக இருந்தால் சில நாள் விட்டு மறுபடி எடுங்கள்.

முடிவு வரும்வரை அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். நோய்க் காம்பை அதிலும் கடைசியாக. இது ஒன்றையாவது இன்றிரவே தொடங்குங்கள்.

ஜூன் 6
ஒருவர் கொட்டகை சுத்தமில்லாததால்தான் மடிநோய் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. சாணத்திலும் ஈரத்திலும் இருந்து ஏறுவது ஈ.கோலை போன்ற கிருமிகள். அது வந்தால் ஒரே நாளில் மாடு காய்ச்சலில் படுத்துவிடும், பால் தண்ணீர்போல் போய்விடும். ஸ்டாஃப் ஆரியஸ் அப்படி அவசரப்படாது. அதன் குடியிருப்பு நோயுற்ற மடி, புண்ணான காம்புத் தோல். அது பயணம் செய்வது பால் கறக்கும் நேரத்தில்: கறப்பவர் கை, எல்லா மாட்டுக்கும் துடைக்கும் ஒரே துணி, இயந்திரம் வைத்திருந்தால் அதில் காம்பில் மாட்டும் ரப்பர் லைனர்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் கறவைக்காரர் மொபட்டில் வீடு வீடாகப் போய்க் கறப்பது வழக்கம். நாலு மணிக்கு ஒரு தோட்டம், நாலரைக்கு அடுத்த தோட்டம். அவரை நான் குறையே சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் பண்ணையத்தை விட்டிருப்பார்கள். ஆனால் அவர் வந்ததும் சோப்பும் வெந்நீரும் எடுத்து வைப்பது நம் வேலை. எங்கள் கட்டுத்தறியில் வாளிக்குப் பக்கத்திலேயே சோப்பு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மாட்டுக்கு மாடு கை கழுவச் சொன்னபோது முதலில் அவர் முகம் சுருங்கியது உண்மைதான். காரணத்தைச் சொன்னதும் மற்ற வீடுகளிலும் அவரே சோப்பு கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். கை வழுக்குவதற்காக வாளியில் உள்ள நுரையைத் தொட்டுத் தொட்டுக் கறப்பது. முந்தின மாட்டின் பாலை இந்த மாட்டின் காம்பு நுனியில் பூசுகிற காரியம் அது. கட்டைவிரலை மடக்கி முட்டியால் இழுத்துக் கறப்பதும் வேண்டாம். காம்புத் தோலில் வெடிப்பு விழும், வெடிப்பில் ஸ்டாஃப் குடியேறும். முழுக்கையால் அமுக்கிக் கறப்பதே நல்லது.

ஜூன் 7
திரியே வராத மாட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. ஸ்டாஃப் பெரும்பாலும் வெளியே தெரியாமல்தான் இருக்கும். மடி வீங்காது, பால் வெள்ளையாகவே இருக்கும். சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைகிறது என்று தீவனத்தை மாற்றிக்கொண்டிருப்போம். நோய் உள்ள மடியில் லாக்டோஸ் குறையும், உப்பு கூடும். எஸ்.என்.எஃப். இறங்க அதுவும் ஒரு காரணம். அந்தக் காம்பின் பால் நாக்கில் கரிப்பதும் அதனால்தான் (ருசி பார்க்கச் சொல்லவில்லை, பச்சைப் பால் வேண்டாம்).

கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. 1957-இல் அமெரிக்காவில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்டது. நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஊதா நிறத் திரவம் ஒரு பாட்டில், அவ்வளவுதான். முதல் பீச்சலைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பால் கறந்து, அதே அளவு திரவம் ஊற்றி, தட்டைத் தரைக்கு இணையாகப் பிடித்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். பத்து விநாடியில் தெரிந்துவிடும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய்ப் பால் முதலில் அடியில் கோழைபோல் இழை கட்டும், பிறகு கெட்டியாகி நடுவில் குவியும், தட்டைச் சாய்த்தால் மொத்தமாக ஒரே உருண்டையாக வழுக்கி விழும். திரவத்தில் உள்ள சோப்புத் தன்மை வெள்ளை அணுக்களை உடைக்கிறது, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து பிசுபிசுக்கிறது. குழி எவ்வளவு கெட்டியோ அந்தக் காம்பில் அவ்வளவு வெள்ளை அணு.

திரவம் கிடைக்காதவர்களுக்கு: பாகிஸ்தானில் பைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் சாதாரண துணி சோப்புத் தூளை வைத்தே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நூறு மில்லி தண்ணீரில் மூன்று கிராம் தூள், பாலும் கரைசலும் சம அளவு. ஊதா நிறம் இருக்காது, கெட்டியாவது தெரியும்.

கன்று போட்ட முதல் சில நாள் சீம்பாலில் இதைச் செய்யாதீர்கள். அப்போது அணுக்கள் இயல்பாகவே அதிகம்.

ஜூன் 9
மடிநோய்க்குக் கற்றாழை விழுது பூசும் வைத்தியம் பற்றி இங்கே இரண்டு பக்கமும் காரசாரம். என் கருத்து இது.

கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இந்தக் கலவை தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பிரிவில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பியது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதை நாடு முழுக்கக் கொண்டுபோகிறது. அரைத்துச் சிவந்த விழுதாக்கி, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளில் பல தடவை. நானும் பூசியிருக்கிறேன். கல்லாக இருந்த மடி இளகுவதையும், தொடவிடாத மாடு நின்று கறக்கவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பாலில் மருந்து எச்சம் பற்றிய பயம் இல்லை. இதையெல்லாம் சும்மா என்று தள்ளுகிறவர்கள் ஒரு தடவை பூசிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் வீக்கம் இறங்குவது வேறு, திசுவுக்குள் குடியிருக்கும் ஸ்டாஃப் ஒழிவது வேறு. பூசிய பிறகு மடி மெத்தென்று ஆனதும் மாடு குணம் என்று முடிவு கட்டாமல், இரண்டு வாரம் கழித்துத் தட்டில் சோதியுங்கள், மாதிரியும் அனுப்புங்கள். டியூபுக்கு வைக்கிற அதே பரீட்சையைக் கற்றாழைக்கும் வைத்தால் போதும்.

ஜூன் 12
அவசரம், எல்லோரும் படியுங்கள். கன்று போட்டு சில நாளே ஆன மாட்டில் ஒரு காம்பு மட்டும் சில்லென்று குளிர்ந்து, தோல் நீலமாகவோ கருத்தோ போய், பால் ரத்தத் தண்ணீராக வந்தால் அதில் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். ஸ்டாஃபின் நஞ்சு ரத்தக் குழாயை அடைத்து மடி அழுகத் தொடங்கியிருக்கலாம். வெள்ளாட்டிலும் இது வரும். நடு ராத்திரியானாலும் டாக்டரை எழுப்புங்கள். காம்பு பிழைப்பது சந்தேகம், மாடு பிழைக்க வேண்டும்.

ஜூன் 15
கேள்வி கேட்ட தம்பிக்கு முடிவு வந்துவிட்டது. ஸ்டாஃப் ஆரியஸ்தான், பென்சிலினுக்குக் கட்டுப்படவில்லை. 1928-இல் விஞ்ஞானி பிளெமிங் பென்சிலினைக் கண்டதே ஸ்டாஃப் வளர்த்த ஆய்வகத் தட்டில்தான். அதே கிருமி இன்று அந்த மருந்தை உடைத்துப்போடும் நொதியைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறது.

இனி என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன பேசுவது என்று மட்டும் சொல்கிறேன். இளம் மாடு, ஒரே காம்பு, புதிதாக வந்தது, மருந்துக்குக் கட்டுப்படும் வகை என்றால் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. வயதான மாடு, இரண்டு மூன்று காம்பு, மாதக்கணக்கான நோய், பென்சிலினுக்குப் பணியாத வகை என்றால் வாய்ப்பு ஒவ்வொன்றிலும் குறைந்துகொண்டே போகும். உங்கள் மாடு நடுவில் இருக்கிறது. மூன்று நாளோடு நிறுத்தாமல் நீண்ட நாள் மருந்து தரலாமா என்று கேளுங்கள். நீண்ட நாள் விட்டால் பலன் கூடும். செலவும் கூடும், அத்தனை நாள் பாலும் கொட்ட வேண்டும்.

இல்லையென்றால், சினை முற்றிப் பாலை வற்றவிடும்போது நான்கு காம்பிலும் வற்றுக்கால டியூப் விடும் வழி இருக்கிறது. கறக்கிற காலத்தைவிட வற்றுக்காலத்தில் ஸ்டாஃப் குணமாகும் வாய்ப்பு அதிகம். மருந்து பல வாரம் மடியிலேயே தங்கும், கறந்து வெளியே போகாது. மாடு எப்போது கன்று போடும் என்ற கணக்கைப் பார்த்து நாள் குறியுங்கள்.

மருந்து விட்ட பாலை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். லேபிளில் போட்டிருக்கும் நாள் முடியும் வரை வேண்டாம். நோயில்லாத மூன்று காம்புப் பாலை ஊற்றலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் போகும். பிரை ஊற்றிய பால் சரியாக உறையாமல் போவதற்கும் சில சமயம் இந்த மருந்துதான் காரணம்.

ஜூன் 16
நேற்று ஒருவர் ஒரே வரியில் “சந்தையில் தள்ளிவிடு” என்று எழுதியிருந்தார். ராத்திரி முழுக்க அது மனசில் ஓடியது. வெளிநாட்டுப் புத்தகங்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள், தீராத மாட்டை மந்தையிலிருந்து விலக்கு என்று. அங்கே விலக்கின மாடு பால் கறக்க இன்னொருவரிடம் போகாது. இங்கே சந்தையில் தள்ளினால் வாங்குகிறவர் இன்னொரு தோட்டக்காரர், அவருக்கும் கைமாற்றாகக் கடன் வாங்கி வாங்கின ஒரே மாடாக இருக்கும். நோயைச் சொல்லி விற்றால் விலை போகாது. சொல்லாமல் விற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நடுவில் ஒரு வழி உண்டு. தீராத ஒரு காம்பை மட்டும் டாக்டரை வைத்து நிரந்தரமாக வற்றவைப்பது. எங்கள் செவலைக்கு அப்படித்தான் செய்தோம். மூன்று காம்பில் கறக்கிறாள், அடுத்த ஈத்தில் மற்ற காம்புகள் ஓரளவு ஈடுகட்டின. இன்றும் கடைசியாகத்தான் அவளைக் கறக்கிறோம். நான்கு காம்பிலும் நோய் பரவிவிட்ட மாட்டுக்கு இது உதவாது. அந்த முடிவு எடுக்கிறவர்களின் வலி எனக்குத் தெரியும், அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

ஜூன் 19
இன்னொரு தம்பி ரிசல்ட்டைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கிறார்: தலைச்சன் கிடாரி, “ஸ்டாஃப், கோஆகுலேஸ் நெகட்டிவ்”. பயப்படாதீர்கள். ஸ்டாஃப் என்றால் ஒரே கிருமி இல்லை, பெரிய குடும்பம். கோஆகுலேஸ் என்பது ரத்த நீரை உறையவைக்கும் நொதி, கிருமியிடம் அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நாம் மேலே பேசியது ஆரியஸ், அது பெரும்பாலும் கோஆகுலேஸ் பாசிட்டிவ். நெகட்டிவ் என்று வருபவை குரோமோஜீன்ஸ், எபிடெர்மிடிஸ், சிமுலன்ஸ், ஹீமோலிட்டிகஸ் போன்றவை. தலைச்சன் மாட்டில் இவை சகஜம். பாலில் வெள்ளை அணு எண்ணிக்கை கொஞ்சம் ஏறும். பலவற்றில் தானாகவே அடங்கிவிடும். டாக்டரிடம் காட்டுங்கள், சில வாரம் கழித்துத் தட்டில் சோதியுங்கள். ஆகவே ரிசல்ட்டில் ஸ்டாஃப் என்ற முதல் வார்த்தையோடு நிறுத்தாமல் அடுத்த வார்த்தையையும் படிக்க வேண்டும்.

கறக்கத் தொடங்கும் முன்பே கிடாரிக்கு எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறார். ஈ ஒரு காரணம். காம்பு நுனியில் கடித்துப் புண்ணாக்கி, மாட்டுக்கு மாடு ஆரியஸைக்கூடக் கொண்டுபோகும். கன்றுகள் ஒன்றின் காம்பை ஒன்று சப்புவதும் காரணமாகலாம். கன்றிலேயே அதைத் தடுத்துவிடுங்கள்.

ஜூன் 21
பேச்சு எங்கெங்கோ போகிறது, ஆனால் இது நல்ல கேள்வி: பாலைக் காய்ச்சினால் போச்சு, நமக்கென்ன? காய்ச்சினால் கிருமி சாகும், சந்தேகமில்லை. ஆரியஸில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். பால் சூட்டில் நெடுநேரம் கிடந்து கிருமி பெருகி நஞ்சு சேர்ந்துவிட்டால், காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு 13,000 பேருக்கு மேல் வாந்தி பேதியில் விழுந்தார்கள். ஹொக்கைடோவில் ஒரு பால்பவுடர் ஆலையில் மின்சாரம் நின்றுபோய்ப் பால் சூடாகவே கிடந்திருக்கிறது, அந்தப் பவுடரில் ஒசாகா பக்கம் பால் தயாரித்திருக்கிறார்கள். சூடுபடுத்தியும் நஞ்சு தங்கிவிட்டது. கறந்த பாலைச் சீக்கிரம் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பதில் இவ்வளவு இருக்கிறது.

ஸ்டாஃபை மருந்துக்கு அடங்காமல் செய்யும் மெக்-சி என்ற புதிய மரபணு 2011-இல் தெரியவந்ததும் இங்கிலாந்து மாட்டுப்பாலை ஆராய்ந்தபோதுதான். பால் மாட்டில் நாம் மருந்தை எப்படிக் கையாள்கிறோம் என்பது மனிதர்களின் மருத்துவமனை வரைக்கும் போகிற விஷயம். பவரான டியூப் வேண்டாம் என்று முதல் நாளே நான் பிடிவாதமாகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஜூன் 28
கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் முக்குவது பற்றி. இதை ஆரம்பத்திலேயே விரிவாக எழுதியிருக்கலாம், மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். 1960-களில் இங்கிலாந்தில் ரெடிங் அருகே இருந்த தேசிய பால்பண்ணை ஆய்வு நிலையத்தில் டாட், நீவ் குழுவினர் மந்தை மந்தையாகச் சோதித்து ஐந்து அம்சத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கறந்ததும் காம்பை மருந்தில் முக்குவது, எல்லா மாட்டுக்கும் வற்றுக்கால மருந்து, நோய் வந்ததை உடனே கவனிப்பது, தீராததை விலக்குவது, இயந்திரத்தைப் பராமரிப்பது. அதில் வற்றுக்கால மருந்தை எல்லா மாட்டுக்கும் போடுவதை இன்று பல நாடுகள் விட்டுவிட்டு, நோயுள்ளதற்கு மட்டும் போடச் சொல்கின்றன. காம்பு முக்குவது இன்றும் மாறவில்லை.

போவிடோன் அயோடின் 5 சதவீதக் கரைசல் மூன்று பங்கு, கிளிசரின் ஒரு பங்கு. கிளிசரின் இல்லாமல் வெறும் அயோடின் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். சின்ன டம்ளரில் ஊற்றி ஒவ்வொரு காம்பும் முக்கால்வாசி முழுகும்படி முக்க வேண்டும். பஞ்சில் தொட்டு ஒரு பக்கம் தடவுவது போதாது. டம்ளரில் சாணமோ பாலோ விழுந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கன்றை ஊட்டவிடுகிறவர்கள் ஊட்டி முடிந்த பிறகு முக்குங்கள்.

கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதனால் தீவனத்தைக் கறந்த பிறகு போடுங்கள், தின்றுகொண்டே நிற்கும். எங்கள் வீட்டில் சோளத்தட்டை அந்த நேரத்துக்கென்றே ஒதுக்கிவிட்டோம்.

ஜூலை 5
கேள்வி கேட்ட தம்பி புதிதாக ஒரு கறவை வாங்கப் போகிறாராம். வாங்கும் இடத்திலேயே சோதனைத் தட்டைக் கையோடு கொண்டுபோங்கள், விற்பவர் கோபித்தாலும் பரவாயில்லை. மடியை முழுக்க ஒட்டக் கறக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள். கறந்து தளர்ந்த மடியில் எங்காவது கட்டியாகவோ ஒரு பக்கம் சூம்பியோ இருந்தால் தெரியும், பால் நிறைந்த மடியில் தெரியாது. வீட்டுக்கு வந்தபின் மாதிரியின் முடிவு வரும்வரை அவளைக் கடைசிக்கு முன்னதாகக் கறங்கள், நோய் மாட்டுக்கு முன், மற்ற எல்லாவற்றுக்கும் பின். மாதிரிக் குழாயில் ஒட்டும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், ஐஸ் தண்ணீரில் பேனா மை கரைந்துவிடும்.